எலும்பு முகம், மல்லன் உடம்பு: இந்தியாவில் வார்த்த ஒரு வில்லன்

பழைய பொம்மை சேர்க்கிறவர்களுக்கு ஹீரோ சீக்கிரம் கிடைத்துவிடுவான், வில்லனுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். என் அனுபவம் அப்படித்தான். காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. 1980களில் நம்ம ஊர் அப்பா அம்மா பிள்ளைக்கு விலை கூடின பொம்மை ஒன்று வாங்கித் தந்தாலே பெரிய விஷயம். அந்த ஒன்று நல்லவனாகத்தான் இருக்கும். மண்டை ஓட்டு மூஞ்சியோடு ஒருத்தனை வீட்டுக்குள் கொண்டுவர எந்தப் பாட்டி சம்மதிப்பாள்?

நான் தேடியது ஸ்கெலிட்டார். ஹீ-மேனின் எதிரி. அதிலும் அமெரிக்கக் கடைக்குப் போன பொம்மை இல்லை, இந்தியாவில் லியோ மேட்டல் பெயரில் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் கிடைத்தது. ஷூ பெட்டிக்குள், பாதி கிழிந்த பின்னட்டையோடு, 1,200 ரூபாய். பின்னட்டை இல்லாமல் இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தரை அங்குல உயரம். நீல உடம்பு, மஞ்சள் மண்டை ஓடு, ஊதா முக்காடு, ஊதா மார்புக் கவசம். செஞ்சிக்குக் கொண்டுவந்து மேஜையில் நிறுத்தினேன், சாய்ந்துவிட்டான். மறுபடி நிறுத்தினேன், இந்தத் தடவை ஒரு கால் தனியாகத் தொங்கியது. நேர்மையாகச் சொன்னால் ஒரு பொம்மையாக இவனிடம் குறை நிறைய. அந்தக் குறைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பிறந்த கதை. 1970களின் நடுவில் ஸ்டார் வார்ஸ் பொம்மை உரிமை மேட்டல் கம்பெனிக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கென்னர் என்ற சின்னக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1977இல் படம் வந்து என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். கைவிட்டுப் போனதற்கு ஈடாக மேட்டல் தானே ஒரு உலகத்தை உண்டாக்கப் பார்த்தது. ரோஜர் ஸ்வீட், மார்க் டெய்லர் என்ற இரண்டு பேர் இதில் முக்கியம். யார் எதைச் செய்தார்கள் என்று இரண்டு பேருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 1982இல் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்ற வரிசை கடைக்கு வந்தது. கென்னர் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குலம், மெலிந்த உடம்பு. மேட்டல் அதற்கு நேர் எதிராகப் போனது. ஐந்தரை அங்குலம், பயில்வான் உடம்பு, தேகப்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்தவன் மாதிரி.

ஆனால் இந்த ஆட்களைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சினிமா கிடையாது, டிவி கிடையாது. அப்படியென்றால் யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்களாம். ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு குட்டிக் காமிக்ஸ் வரும் என்று மேட்டல் ஆட்கள் அந்த இடத்திலேயே அடித்துவிட்டார்களாம். அஞ்சு வயசுப் பிள்ளை எங்கே படிக்கும் என்று இன்னொரு கடைக்காரர் கேட்க, கார்ட்டூன் வரும் என்று அதையும் சொல்லிவிட்டார்களாம். அந்தக் காலத்து விற்பனை ஆட்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. டெமோவில் ஒருத்தர் வாய் தவறிச் சொன்ன வசதியை அடுத்த மூணு மாசம் எழுதி முடிப்பதுதானே நம்ம பொழைப்பு.

ஆக, ஸ்கெலிட்டார் கார்ட்டூனுக்கு முன்னால் காமிக்ஸ் வில்லன். 1982இல் வந்த முதல் நான்கு குட்டிப் புத்தகங்களை எழுதியவர் டான் க்ளட், வரைந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான ஆல்ஃபிரடோ அல்காலா. படத்துக்குக் கீழே கதை ஓடும், பேச்சு பலூன் கிடையாது. அதில் ஹீ-மேன் இளவரசன் இல்லை, காட்டுவாசி. ஸ்கெலிட்டாரும் நாம் டிவியில் பார்த்த கோமாளி இல்லை. வேறொரு பரிமாணத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்டவன், நிஜமாகவே பயமுறுத்துகிறவன். அதே வருஷம் டி.சி. காமிக்ஸ் ஒரு இதழில் ஹீ-மேனையும் ஸ்கெலிட்டாரையும் சூப்பர்மேனோடு மோதவிட்டது. 1983இல்தான் ஃபில்மேஷன் நிறுவனத்தின் கார்ட்டூன் தொடங்கியது, மொத்தம் 130 பாகம். அதில் ஆலன் ஓப்பன்ஹைமர் கொடுத்த கீச்சுக் குரலும், கூட இருக்கிறவர்களைத் திட்டித் தீர்க்கிற வாயும் சேர்ந்து வில்லனை வேடிக்கைக்காரன் ஆக்கிவிட்டன. எனக்குக் காமிக்ஸ் ஸ்கெலிட்டார்மேல் மரியாதை, கார்ட்டூன் ஸ்கெலிட்டார்மேல் பிரியம்.

முகம் வந்த கதை இன்னும் விசேஷம். மார்க் டெய்லர் பல பேட்டிகளில் சொன்னது: சின்னப் பையனாக இருந்தபோது கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ‘தி பைக்’ என்ற கேளிக்கைப் பூங்காவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு எலும்பு மனிதனைப் பார்த்தாராம். பொம்மை இல்லை, நிஜப் பிணம் என்று அப்போதே உள்ளுக்குள் பட்டதாம். அந்தப் பயம்தான் ஸ்கெலிட்டார் ஆனது என்பார்.

நிஜப் பிணம் இருந்தது உண்மை. எல்மர் மெக்கர்டி என்ற கொள்ளைக்காரன் 1911இல் ஒக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். உடம்பை யாரும் வாங்க வரவில்லை. பதப்படுத்தியவர் காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார். அங்கிருந்து கை மாறி கை மாறி பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றியது. 1976 டிசம்பரில் பைக் பூங்காவில் ‘சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ டிவி தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தபோது ஒருத்தர் பொம்மையை நகர்த்தப் போக, கை ஒடிந்து உள்ளே எலும்பு தெரிந்தது. 1977இல் அடக்கம் செய்தார்கள்.

இங்கேதான் தேதியைப் பார்க்க வேண்டும். அந்த உடம்பு 1968இல்தான் ஹாலிவுட் மெழுகுச்சிலை அருங்காட்சியகக்காரருக்கு விற்கப்பட்டது. பைக்குக்குப் போனது அதற்கும் பின்னால். டெய்லர் அப்போது சின்னப் பையன் இல்லை, வேலைக்குப் போகிற வயசு. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயசில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறார். பிறகு செய்தித்தாளில் நிஜப் பிணம் என்று வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இப்படி ஒட்டுவது எங்கும் நடக்கிறதுதான்.

செஞ்சிக்காரர்களுக்கு இது புதுசா என்ன! தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை போட்டு இறந்தார். கதைப்பாட்டில் நவாப்தான் எதிரி. ஆனால் தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதற்கு மனம் இரங்கி, அந்த ராணியின் நினைவாக அதே நவாப்தான் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்றும் சொல்வார்கள். பல குறிப்புகளில் ஊர் உண்டான வருஷம் 1771 என்று போட்டிருக்கும். சாதத்துல்லா கான் செத்தது 1732. கணக்கு உதைக்கிறது. கதையை ஊர் விட்டுவிட்டதா? இல்லையே. (அந்த ராணிப்பேட்டையில் இன்று ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை ஓடுகிறது. சும்மா ஒரு தகவல்.)

சரி, உடம்புக்கு வருவோம். மண்டை ஓடு என்றால் சதை இல்லாதவன். அவனுக்கு எப்படி இப்படிப் புடைத்த தோள்? காரணம் காசு. எஃகில் ஒரு மோல்டு வெட்டுவது பெரிய செலவு. அதனால் மேட்டல் ஒரே உடம்பைத் திரும்பத் திரும்ப வார்த்தது. ஹீ-மேனின் அதே மார்புக்கூடுதான் ஸ்கெலிட்டாருக்கும். நகம் வைத்த கையும் மூணு விரல் பாதமும் மெர்-மேன் என்ற நீர்வாழ் வில்லனுடையவை. அதனால்தான் எலும்பு மனிதனுக்குக் காலில் மீன் செதில் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹீ-மேன் ஏறிப்போகிற புலி, மேட்டலின் பழைய ‘பிக் ஜிம்’ வரிசைக்குச் செய்த புலி. அளவு பொருந்தாமல் பெரிசாக இருந்தது, அதற்குச் சேணம் போட்டு வாகனம் ஆக்கிவிட்டார்கள். அதே புலிக்கு ஊதா நிறத்தில் வெல்வெட் மாதிரி மயிர் ஒட்டி ஸ்கெலிட்டாருக்குச் சிறுத்தை. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஃபேக்கர். ஹீ-மேன் உடம்பை நீலத்தில் வார்த்து, ஸ்கெலிட்டார் கவசத்தை ஆரஞ்சில் வார்த்து மாட்டி, போலி ஹீ-மேன் என்று ஒரு புது வில்லன்! மார்பில் டேப் ரிக்கார்டர் ஸ்டிக்கர், ரோபோ என்று காட்டுவதற்கு. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

இதைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருத்தர் சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ணித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்திருந்தார். மேஜையில் கிடந்தவனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாரு தம்பி, எமனா?”

“இல்லீங்க வாத்தியாரே, வெளிநாட்டுக் கதையில வர்ற வில்லன்.”

“மாரு, தோளு எல்லாம் நம்ம கட்டை வேஷம் மாதிரியே கீது.”

அதே பெட்டியில் இருந்த கவசம் போட்ட ஹீ-மேனையும் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உடம்பு ஒண்ணு, மூஞ்சி வேற. நாங்களும் அத்தானே பண்றோம்? கிரீடமும் புஜக்கட்டையும் அதேதான். இன்னிக்கி அர்ச்சுனனுக்கு, நாளைக்கி கர்ணனுக்கு. மூஞ்சில எழுதற எழுத்துலதான் ஆளு மாறுவான்.”

மேட்டலின் செலவுக் கணக்கை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. தெருக்கூத்தில் மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் ஒரு ஜமாவின் சொத்து. பாத்திரத்துக்கு ஒன்று என்று செய்து கட்டுப்படி ஆகாது. மேட்டலுக்கு மோல்டு, ஜமாவுக்கு மரக்கட்டை.

வில்லனுக்கு உருவம் செய்வது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் முக்கியமான ஊராக எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் ஒரு பெரிய நூல் எழுதினார். முதல் தொகுதி 1988இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. தலைப்பிலேயே செஞ்சி உண்டு. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடிகிற அன்று படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால், ஆள் அளவைப் போலப் பல மடங்கு பெரிசாக, மல்லாக்கப் படுத்த மாதிரி செய்து முகத்துக்கு வர்ணம் அடிப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். அங்கிருந்து எடுக்கிற சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். ஊரே வந்து பார்க்கிறது யாரை? கீழே கிடக்கிற அந்தப் பெரிய வில்லனைத்தான். கை கால் கொஞ்சம் கோணலாக இருக்கும், கண் ஒன்று பெரிசு ஒன்று சின்னதாக இருக்கும். ஒரு பிள்ளையும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மீசை எவ்வளவு நீளம் என்றுதான் அளப்பார்கள்.

இனி இந்தியாவுக்கு எப்படி வந்தான் என்பது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மையை இறக்குமதி பண்ணிக் கடையில் விற்க முடியாது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுசாக விலகியது 2001 ஏப்ரலில்தான். எனவே வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரே வழி, இங்கே ஒரு கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே வார்ப்பது. மேட்டல் சேர்ந்தது ப்ளோ பிளாஸ்ட்டோடு. வி.ஐ.பி. சூட்கேஸ் குடும்பம். பிளாஸ்டிக் வார்ப்பது அவர்களுக்குக் கை வந்த தொழில், லியோ என்ற பெயரில் பொம்மை வியாபாரமும் இருந்தது. 1980களின் பின்பாதியில் பார்பியும் ஹீ-மேனும் இந்த வழியாகத்தான் நம்ம கடைகளுக்கு வந்தார்கள். தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் ஓடியதும் அந்தக் காலம்தான். 1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியது, 1988 அக்டோபரில் மகாபாரதம். டிவி இருந்த வீட்டுப் பிள்ளை ராவணன், துரியோதனன், ஸ்கெலிட்டார் மூன்று பேரையும் ஒரே பெட்டியில் பார்த்து வளர்ந்தது.

இந்தியா மட்டும் இல்லை. ஸ்பெயினில் காங்கோஸ்ட், பிரேசிலில் எஸ்ட்ரேலா, அர்ஜென்டினாவில் டாப் டாய்ஸ், வெனிசுவேலாவில் ரோட்டோபிளாஸ்ட் என்று பல ஊர்களில் பல கம்பெனிகள் இந்த வரிசையை வார்த்தன. வடிவம் ஒன்றுதான். பிளாஸ்டிக் வேறு, சாயம் வேறு, வர்ணம் அடிக்கிற கை வேறு. எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே கோடை ஆளுக்கு ஒரு பக்கம் ஃபோர்க் பண்ணிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஃபோர்க்கிலும் அந்தந்த ஊர்ப் பிசகு சேர்ந்துகொண்டது. இந்தப் பிசகுகளைத் தேடித்தான் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் லியோ அட்டைக்கு அலைகிறார்கள்.

இப்போது என் ஸ்கெலிட்டாரைத் தலையிலிருந்து கால்வரை மதிப்பிடுகிறேன். தயவு தாட்சண்யம் கிடையாது.

தலை. மென்மையான வினைல், உள்ளே பொள்ளல். கண் குழிக்குக் கறுப்பு அடிக்கும்போது அச்சுத் தகடு நகர்ந்திருக்கிறது. இந்த வேலையில் முகத்துக்குப் பொருந்துகிற ஓட்டைத் தகடு ஒன்றை மூடிவைத்து மேலே வர்ணம் தெளிப்பார்கள். தகடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். இவனுக்கு இடது கண் கன்னத்துப் பக்கம் இறங்கி, ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஆகிவிட்டான். பயமுறுத்துகிற வில்லனாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தரும் முதலில் சிரிப்பது இந்த முகத்தைப் பார்த்துத்தான்.

தலையில் இன்னொரு சங்கடம், பிசுபிசுப்பு. வினைலை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரியான பொருள் வருஷங்கள் போகப் போக மேலே கசியும். செஞ்சி வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மூணு பக்கமும் பாறை மலை, பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி கக்கும். இந்த ஊரில் பழைய வினைலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் கசிவு வெளியே போக வழியில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, காற்றோட்டமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் கண்டிப்பாக: இந்தக் காலத்துப் பொம்மையைச் சின்னக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இப்போது பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2021 ஜனவரியிலிருந்து. இவனுடைய வர்ணத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

மார்புக் கவசம். பின்னால் மாட்டுகிற இடம்தான் பலவீனம். கழற்றி மாட்டி விளையாடிய பொம்மைகளில் அது பெரும்பாலும் பிளந்திருக்கும். என்னுடையதில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, பிளாஸ்டிக் அசதிப்பட்ட அடையாளம். கழற்றுவதை நிறுத்திவிட்டேன்.

இடுப்பு. இந்தப் பொம்மையின் உயிரே இங்கேதான். மேல் உடம்பைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சட்டென்று திரும்பி ஒரு குத்து விடும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலை செய்கிறது. எதிரே எதையாவது நிறுத்திவைத்து அடிக்க விட்டால் நாற்பது வயசு ஆசாமிக்கும் நேரம் போவது தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

கால். ஒரு ரப்பர் பேண்டை இடுப்புக்குள் போட்டு இரண்டு காலையும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் இடுப்பு மூட்டு. புதுசாக இருக்கும்போது பிரமாதம். கால் பிடுங்கினாலும் திரும்பி ஒட்டும். ரப்பர் காய்ந்ததும் நொண்டி. நம்ம உஷ்ணத்தில் சீக்கிரமே காயும். தவிர, நகம் வைத்த மூணு விரல் பாதம், கடன் வாங்கிய பாதம். நிற்க லாயக்கில்லை.

ஆயுதம். ஆட்டுத்தலை வைத்த கோல் வளைந்திருந்தது. சுடுதண்ணீரில் அரை நிமிஷம், நிமிர்த்திப் பிடித்து உடனே குளிர்ந்த தண்ணீர், சரியாகிவிட்டது. வாள் இல்லை. வாளைப் பற்றி ஒரு சுவாரசியம். ஹீ-மேனிடம் பாதி, ஸ்கெலிட்டாரிடம் பாதி, இரண்டையும் சேர்த்தால்தான் முழு வாள். அதுதான் கோட்டையைத் திறக்கும் சாவி என்பது முதல் காமிக்ஸ் கதை. இரண்டு பொம்மையும் வாங்கினால்தான் ஆட்டம் முடியும், நல்ல யாவாரம்! ஆனால் கார்ட்டூனில் ஹீ-மேனிடம் முழு வாளே இருந்தது. கார்ட்டூனை மட்டும் பார்த்துவிட்டுப் பொம்மை வாங்கிய பிள்ளைக்கு வாள் ஏன் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது என்று புரியாது. கதை மாறிவிட்டது, மோல்டு மாறவில்லை.

செய்நேர்த்திக்குப் பத்துக்கு நாலரை. விளையாட்டுக்குப் பத்துக்கு எட்டு. பின்னால் 1984இல் வந்த போர்க்கவச ஸ்கெலிட்டாருக்கு மார்பில் ஒரு உருளை, அடித்தால் சுழன்று வெட்டுக் காயம் காட்டும். 1985இல் தண்ணீர் பீய்ச்சுகிற டிராகனைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்தான். தந்திரங்கள் கூடின. முதல் ஸ்கெலிட்டாரின் அந்த வெறும் குத்தை எதுவும் மிஞ்சவில்லை என்பது என் கட்சி.

அடுத்தது, இவனைச் சரி பண்ணலாமா கூடாதா. இதில் எனக்கும் ஒரு நண்பருக்கும் பெரிய வாக்குவாதம். அவர் கைத்திறமைக்காரர். முகத்தைச் சுத்தமாக அழித்து, அமெரிக்கப் பொம்மை மாதிரியே புதுசாக வர்ணம் அடித்துத் தருகிறேன் என்றார். நிஜமாகவே அழகாகச் செய்வார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இறங்கிய கண்தான் இது இங்கே ஒரு மனிதர் கையால் தெளித்தது என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி. கோயில் கல்வெட்டின்மேல் மணல் பீய்ச்சிச் சுத்தம் பண்ணி எழுத்தை அழித்த கதைகளை இந்த மாவட்டத்தில் சுற்றியவர்கள் எத்தனை பார்த்திருப்பார்கள். கோட்டை விஷயத்தில் ஒரு நியாயம், பொம்மைக்கு ஒரு நியாயமா?

“வாங்குறவன் புதுசு மாதிரி இருந்தாத்தான் காசு தருவான்” என்றார். விற்கப் போவதில்லை என்றேன். “அப்ப ரப்பர மட்டும் ஏன் மாத்துற?” என்று மடக்கினார். நல்ல கேள்வி. ரப்பர் தேயத்தான் வைத்தது. சைக்கிள் டியூப் மாதிரி. மாற்றினால் பொம்மை மறுபடி குத்தும், வரலாறு ஒன்றும் குறையாது. வர்ணம் அப்படி இல்லை. பழைய ரப்பர் துண்டையும் ஒரு சின்ன டப்பாவில் தேதி எழுதிப் போட்டு வைத்திருக்கிறேன். புது ரப்பர் மாட்ட உடம்பைப் பிளக்க வேண்டாம். ஒரு காலின் கொக்கியில் ரப்பரை மாட்டி, இன்னொரு ஓட்டை வழியாகக் கிரோஷே ஊசியால் இழுத்து மற்றக் காலில் மாட்டினால் போதும். பத்து நிமிஷ வேலை, அரை மணி நேரக் கெட்ட வார்த்தை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. வெளிநாட்டில் வார்த்த இந்த வரிசைப் பொம்மைகளின் முதுகில் 1981 என்று இருக்கும். அது காப்புரிமை வருஷம், வார்த்த வருஷம் இல்லை. “1981 ஒரிஜினல், ரொம்ப ரேர்” என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இரண்டாவது, எல்லா உடம்பும் எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்பதால் கலப்படம் சுலபம். தலை ஒரு ஊர், உடம்பு ஒரு ஊர், கவசம் ஒரு ஊர். இதனால்தான் அட்டை முக்கியம் என்றேன். அட்டையையும் இப்போது பிரிண்ட் போடுகிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் ஒழுங்காகப் பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும், இங்க்ஜெட்டில் தூவிவிட்ட மாதிரி இருக்கும். என் அட்டையில் பூ இருக்கிறது. எலி கடித்த அடையாளமும் இருக்கிறது, அதை யாரும் போலி பண்ண மாட்டார்கள்.

சிவகாசியிலிருந்து வந்த நம்ம காமிக்ஸ்களுக்கு இப்படி பொம்மை வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். 1984இல் லயன் காமிக்ஸில் ‘எத்தனுக்கு எத்தன்’ வழியாக வந்த ஸ்பைடர் அசல் வில்லன், காதும் மூஞ்சியும் கூர்மையாக, வலைத் துப்பாக்கியோடு. பிள்ளைகள் அவனுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்பைடர், எவ்வளவு கோணலாக இருந்திருந்தாலும், பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றிருக்காது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஸ்கெலிட்டாரின் அரை வாள் இன்னும் எனக்கு வேண்டும். ஊதா நிறம், ஒரு பக்கம் வாள் மாதிரி புடைப்பு, மறு பக்கம் சப்பட்டை. பழைய செஸ் டப்பா, பொத்தான் டப்பா, கொலுப் பெட்டியின் அடி, இங்கெல்லாம் தேடிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தால் அது ஹீ-மேனுடைய பாதி. அதையும் தூக்கிப் போடாதீர்கள்.